மன்னிப்பைத் தர யாருக்கு உரிமை?

2021 ஜூலை இறுதியில் அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கமான ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா தன் ஆண்டு விருதுகளை அறிவித்தது. சமய நம்பிக்கை சார்ந்த காதல் நாவலுக்கான விருது கேரன் விட்டமையர் எழுதிய ‘அட் லவ்ஸ் கமாண்ட்’ நூலுக்குக் கிடைத்தது. சில நாள்களிலேயே சங்கம் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. எழுத்துத் திருட்டு என்று யாரும் புகார் சொல்லவில்லை. நாவல் எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதுதான் சிக்கல். 1890 டிசம்பர் 29 அன்று தெற்கு டகோட்டாவில், வூண்டட் நீ ஓடைக்கரையில், அமெரிக்கக் குதிரைப்படை லக்கோட்டா மக்களைச் சுட்டுத் தள்ளியது. நாவலில் அந்தப் படையில் இருந்த அதிகாரி ஒருவன் மனம் நொந்து கடவுளிடம் மன்னிப்பு வேண்டுகிறான். படையைவிட்டு விலகி, தோழர்கள் சிலரோடு டெக்சாஸில் எளியவர்களைக் காக்கும் வேலையில் இறங்குகிறான். மருத்துவரான ஒரு பெண்ணைக் காதலிக்கிறான். அவனுக்கு மறுவாழ்வு கிடைக்கிறது.

பதிப்பகம் ஆசிரியரின் பக்கம் நின்றது. நாயகன் தன் செயலுக்காக நூல் முழுக்க வருந்துகிறான் என்பது அவர்கள் வாதம். எதிர்த்தவர்கள் அதை மறுக்கவில்லை. சுடப்பட்டவர்களில் ஒருவரும் இந்தக் கதையில் வாய் திறக்கவில்லையே, அப்படியானால் இவனை மன்னித்தது யார் என்று கேட்டார்கள்.

கிறிஸ்தவ வரலாற்றுக் காதல் நாவல் என்ற வகைமையின் அடிமடியிலேயே கைவைக்கும் கேள்வி இது. மன்னிப்பும் இரண்டாம் வாய்ப்பும்தான் இந்த நாவல்களின் மூலதனம். அந்த இரண்டையும் எடுத்துவிட்டால், பழங்கால உடை அணிந்த இரண்டு பேர் மட்டுமே மிஞ்சுவார்கள். இவ்வகை நாவல்களைக் ‘கோயில் பெண்களின் பொழுதுபோக்கு’ என்று ஒதுக்கும் விமர்சகர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. லட்சக்கணக்கான வாசகர்கள் மன்னிப்பு என்றால் என்ன என்று யோசிக்கும் இடம் இது. அதனாலேயே இதைக் கறாராகப் படிக்க வேண்டியிருக்கிறது.

வகைமையின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில் (1865–1947) நூற்றுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதி, பக்தியையும் காதலையும் ஒரே அட்டைக்குள் வைக்கலாம் என்று காட்டினார். 1967இல் கேத்தரின் மார்ஷலின் ‘கிறிஸ்டி’ வந்தது. 1979இல் பெத்தனி ஹவுஸ் வெளியிட்ட ஜேனட் ஓக்கின் ‘லவ் கம்ஸ் சாஃப்ட்லி’தான் இதைத் தனிச் சந்தையாக்கியது. ஓக் கனடாவைச் சேர்ந்தவர்; கதை அமெரிக்கக் குடியேற்றக் காலத்தது. மார்ட்டி என்ற இளம்பெண், மேற்கே போகும் வழியில் கணவனைப் பறிகொடுக்கிறாள். வயிற்றில் பிள்ளை. அடக்கம் முடிந்த அன்றே, மனைவியை இழந்த கிளார்க் என்ற குடியானவன் அவளைத் திருமணம் செய்துகொள்ளக் கேட்கிறான். தன் சிறுமகளுக்கு ஒரு தாய் தேவை என்று ஒளிவுமறைவின்றிச் சொல்கிறான். கூடவே ஒரு வாக்கும் தருகிறான்: வசந்தம் வரட்டும், கிழக்கே திரும்பும் வண்டித்தொடர் வரும், அப்போதும் போக விரும்பினால் வண்டிக்கூலியை நான் தருகிறேன், மகளையும் உடன் அழைத்துப் போ.

இந்த வண்டிக்கூலி முக்கியமானது. காதல் நாவலுக்கு ஒரு கட்டாய விதி உண்டு. முடிவில் இருவரும் சேர்ந்தாக வேண்டும். கதை தொடங்கும் முன்பே முடிவு வாசகருக்குத் தெரியும். முன்பே முடிவான மன்னிப்பு, முன்பே முடிவான சேர்க்கை ஆகியவற்றுக்கு என்ன மதிப்பு? ஓக் இதற்கு எளிய வழி கண்டார். மார்ட்டியின் கையில் போவதற்கான வழியைக் கொடுத்துவிட்டார். அவள் போகலாம், போகவில்லை. இந்த வகைமையின் நல்ல நாவல்கள் எல்லாவற்றிலும் ‘போகலாம்’ என்ற கதவு எங்கோ திறந்தே இருக்கிறது.

அந்தக் கதவை அகலத் திறந்து வைத்தவர் ஃபிரான்சின் ரிவர்ஸ். 1947இல் பிறந்த அவர் சாதாரணக் காதல் நாவல்கள் எழுதிப் பேர் எடுத்தவர். 1986இல் கிறிஸ்தவ நம்பிக்கைக்குத் திரும்பியபின் சில ஆண்டுகள் அவரால் எழுதவே முடியவில்லை. அந்த நாள்களில் வேதாகமத்தில் ஓசியாவின் புத்தகம் அவரைப் பிடித்துக்கொண்டது. அதிலிருந்து பிறந்தது ‘ரிடீமிங் லவ்’. 1991இல் பான்டம் பதிப்பகம் பொதுச் சந்தைக்கு வெளியிட்டது. பின்னர் ரிவர்ஸ் உரிமையைத் திரும்பப் பெற்று, திருத்தி எழுதி, 1997இல் மல்ட்னோமா என்ற கிறிஸ்தவப் பதிப்பகம் வழியாக மறுபடி கொண்டுவந்தார். இதுவரை 30 லட்சம் பிரதிகளுக்குமேல் விற்றிருக்கிறது. 2022இல் திரைப்படமாகவும் வந்தது.

மூலக்கதையை ஞாயிறு பள்ளிக்குப் போன தமிழ்க் கிறிஸ்தவர்கள் அறிவார்கள். கிறிஸ்துவுக்கு முன் எட்டாம் நூற்றாண்டில், வட இஸ்ரயேல் அரசில் வாழ்ந்த தீர்க்கதரிசி ஓசியா. சோரம்போகும் பெண் ஒருத்தியை மணக்கும்படி அவனுக்குக் கடவுளின் கட்டளை வருகிறது. கோமேரை மணக்கிறான். பிள்ளைகள் பிறக்கிறார்கள். இரக்கம் பெறாதவள், என் மக்களல்ல என்று பொருள்படும் பெயர்கள் அப்பிள்ளைகளுக்கு இடப்படுகின்றன. மூன்றாம் அதிகாரத்தில் ஓசியா ஒரு பெண்ணை விலை கொடுத்து மீட்கிறான். அவள் கோமேரே என்பது மரபான வாசிப்பு. பதினைந்து வெள்ளிக்காசும் ஒன்றரைக் கலம் வாற்கோதுமையும் விலை. யாத்திராகமத்தின் சட்டப்படி மாடு முட்டிச் செத்த அடிமைக்கு எசமான் பெறும் இழப்பீடு முப்பது வெள்ளி. பாதியைக் காசாகவும் மீதியைத் தானியமாகவும் அடைத்திருக்கிறான் என்று அறிஞர் பலர் கணிக்கிறார்கள். கையில் இருந்த காசு போதாமல் களஞ்சியத்தைத் துழாவிய மனிதன் கண்முன் வருகிறான். வேதாகமம் முழுக்கத் தேடினாலும் மன்னிப்பின் விலையை இவ்வளவு துல்லியமாக எழுதிய இடம் அதிகம் கிடைக்காது.

ஆனால் பதினான்கு அதிகாரங்களில் கோமேர் தன் குரலில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவள் ஏன் போனாள், எங்கே போனாள், திரும்பி வந்தபோது என்ன நினைத்தாள் என்பது எதுவும் தெரியாது. வசதியான மௌனம் அல்ல அது. இரண்டாம் அதிகாரத்தில் அவளை நிர்வாணமாக்குவேன், முள்ளால் வழியடைப்பேன் என்ற மிரட்டல்கள் வருகின்றன. அங்கே மனைவி இஸ்ரயேல் நாட்டுக்கு உருவகம் என்பது உண்மை. ஆனாலும் உருவகத்துக்குள் அடிவாங்குவது ஒரு பெண்ணின் உடல். அமெரிக்கக் கறுப்பின இறையியலாளர் ரெனிட்டா வீம்ஸ் 1995இல் எழுதிய ‘பேட்டர்ட் லவ்’ நூல் இதைத்தான் விரிவாக ஆராய்ந்தது. மனைவியை வதைத்துப் பின் தேற்றும் கணவனைக் கடவுளுக்கு உவமையாக்கினால், வீட்டில் அடிவாங்கும் பெண் அதை எப்படிப் படிப்பாள்? வீம்ஸ் எழுப்பிய இந்தக் கேள்விக்கு இன்றுவரை எந்தப் பிரசங்கமும் முழுப் பதில் சொல்லி நான் கேட்டதில்லை.

ரிவர்ஸின் நாவல் செய்த பெரிய காரியம், கோமேருக்கு வாய் கொடுத்தது. கதை கலிபோர்னியாவின் தங்க வேட்டைக் காலத்தில் நடக்கிறது. 1848 ஜனவரி 24 அன்று கொலோமாவில் ஜேம்ஸ் மார்ஷல் கண்டெடுத்த தங்கத் துணுக்கு, சில ஆண்டுகளில் சுமார் 3 லட்சம் பேரை அங்கே இழுத்துவந்தது. வந்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1850 கணக்கெடுப்பில் பெண்கள் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. அப்படிப்பட்ட ஊரில் பெண்ணுடல் எவ்வளவு விலை பெறும், அந்த விலை யார் பைக்குப் போகும் என்பதை நாவல் தெளிவாகக் காட்டுகிறது. எட்டு வயதில் விற்கப்பட்ட சிறுமி ஏஞ்சல் என்ற பெயரில் சுரங்க ஊர் ஒன்றின் விடுதியில் இருக்கிறாள். மைக்கேல் ஹோசியா என்ற விவசாயி அவளை மணக்கச் சொல்லும் கடவுளின் குரலைக் கேட்கிறான். விடுதிக்காரிக்குப் பொன் கொடுத்து அவளோடு பேச மட்டும் வருகிறான். அவளுக்கு அவன்மேல் சந்தேகம்தான் வருகிறது. ஆண்கள் பணம் கொடுத்து எதையும் கேட்காமல் போனதை அவள் கண்டதில்லை. கடைசியில் காவலாள் ஒருவன் அடித்துக் குற்றுயிராக்கிய நிலையில்தான் திருமணத்துக்குச் ‘சரி’ என்கிறாள்.

அந்தச் சம்மதத்தைச் சம்மதம் என்று எண்ண முடியாது என்பது ரிவர்ஸுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் அவள் மறுபடி மறுபடி ஓடுகிறாள். நாவலின் பெரும்பகுதி இந்த ஓட்டம்தான். அன்பாக நடத்தப்படுவதைத் தாங்க முடியாமல் பழைய நரகத்துக்கே திரும்ப நினைக்கும் மனதை ரிவர்ஸ் நேராகப் பார்த்து எழுதியிருக்கிறார். அடிமைப்பட்டவர் விடுதலையை உடனே கொண்டாடிவிட மாட்டார். அது அவருக்குப் பழக்கமில்லாத நிலம். கடைசி முறை அவள் போவது வெறுப்பால் அல்ல. தன்னால் பிள்ளை பெற முடியாது, அவன் வேறொருத்தியை மணந்து நலமாக வாழட்டும் என்று போகிறாள். மைக்கேல் இம்முறை தேடிப் போவதில்லை. மூன்று ஆண்டுகள் கழிகின்றன. சான் பிரான்சிஸ்கோவில் அவள் தன் காலில் நிற்கிறாள், தன்னைப்போல விற்கப்பட்ட பெண்களுக்கு ஒரு புகலிடம் நடத்துகிறாள்.

என் பார்வையில் நாவலின் உயிர்நாடி கணவன்–மனைவி சந்திப்பு அல்ல. அதற்கு முன் வரும் பால் என்பவனின் வருகை. பால், மைக்கேலின் இறந்துபோன தங்கையின் கணவன். ஏஞ்சலை ஆரம்பத்திலிருந்தே இழிவாக நடத்தியவன். ஒருமுறை அவள் ஓடும்போது வண்டியில் ஏற்றிக்கொண்டு, கூலியாக அவள் உடலைப் பெற்றுக்கொண்டவன். அந்த மனிதன் மூன்று ஆண்டு கழித்து அவளைத் தேடி நகரத்துக்கு வந்து, அவள் முகத்தைப் பார்த்து, நான் செய்தது பாவம் என்று ஒப்புக்கொள்கிறான். தேவாலயத்தில் முழங்கால் போட்டு முடித்துக்கொள்ளவில்லை. மைக்கேலிடம் சொல்லித் தீர்க்கவில்லை. தீங்கு இழைக்கப்பட்டவள் எங்கே இருக்கிறாளோ அங்கே போகிறான். அவள் ‘போ’ என்று கதவைச் சாத்தியிருக்கலாம். சாத்தவில்லை. அவள் மன்னித்த பிறகுதான் ஊர் திரும்பி, கணவனிடம் தன் பிறந்த பெயரைச் சொல்கிறாள்.

மன்னிப்பை மறுக்கும் உரிமையை இதைவிடத் துணிச்சலாகக் கையாண்டவர் டால்ஸ்டாய். ‘புத்துயிர்ப்பு’ என்று தமிழில் படித்தவர்களுக்கு நினைவிருக்கும்: காத்யூஷாவைக் கெடுத்துக் கைவிட்ட பிரபு நெஹ்லூதவ், அவளை மணந்து பரிகாரம் தேடச் சைபீரியாவரை பின்தொடர்கிறான். அவள் அவனை மன்னிக்கிறாள். ஆனால் மணக்க மறுத்து வேறொருவனைத் தேர்ந்துகொள்கிறாள். மன்னிப்பு வேறு, உறவைப் புதுப்பித்தல் வேறு என்ற பெரும் உண்மை அங்கே இருக்கிறது. காதல் நாவலின் விதி இதை அனுமதிக்காது. விதிக்குள் நின்றுகொண்டே அதற்கு அருகில் போனது ரிவர்ஸின் சாதனை.

அதே நாவலின் இருட்டையும் சொல்லியாக வேண்டும். ஏஞ்சலும் மைக்கேலும் உழுது பயிரிட்ட கலிபோர்னியப் பள்ளத்தாக்குகள் வெற்றிடங்களாக இருந்தவையல்ல. தங்க வேட்டை தொடங்கியபோது அங்கே சுமார் 1,50,000 பூர்வகுடிகள் இருந்தார்கள். 1870களில் மிஞ்சியவர்கள் ஏறத்தாழ 30,000 பேர். நோய், பட்டினி, அரசுப் பணத்தில் அனுப்பப்பட்ட கொலைப்படைகள் எல்லாம் சேர்ந்து அதைச் செய்தன. 1850இல் மாநிலம் இயற்றிய ஒரு சட்டம் ‘பாதுகாப்பு’ என்ற பெயரில் பூர்வகுடிக் குழந்தைகளைக் குடியேறியவர்களிடம் கொத்தடிமையாக்க வழிசெய்தது. விற்கப்பட்ட வெள்ளைச் சிறுமிக்காகக் கண்ணீர் விடும் நாவலின் மையத்தில், அதே ஆண்டுகளில் அதே மாநிலத்தில் சட்டப்படி கைமாறிய இந்தப் பிள்ளைகளுக்கு இடமில்லை. 2019இல்தான் கலிபோர்னிய ஆளுநர் மாநிலத்தின் சார்பில் பூர்வகுடிகளிடம் மன்னிப்புக் கேட்டார்.

ரிவர்ஸ் அவர்களைப் பற்றிப் பேசவில்லை. பேசாததை ஒரு குறை என்று சொல்லி நகரலாம். விட்டமையரின் நாவலில் நிலைமை வேறு. அங்கே படுகொலை கதைக்குள்ளேயே இருக்கிறது, நாயகனின் மனமாற்றத்துக்கு அதுவே காரணமாகிறது. அதனால் அந்த நாளை நாமும் கொஞ்சம் உற்றுப் பார்ப்பது நியாயம்.

பிக் ஃபுட் என்ற தலைவரின் கூட்டத்தைப் படை சுற்றி வளைத்து, ஆயுதங்களைப் பறித்துக்கொண்டிருந்தபோது சூடு தொடங்கியது. மேட்டில் நிறுத்திய ஹாட்ச்கிஸ் பீரங்கிகள் கூடாரங்களை நோக்கி வெடித்தன. கொல்லப்பட்டவர்கள் 150 முதல் 300 பேர்வரை என்று கணக்குகள் வேறுபடுகின்றன. அவர்களில் பெண்களும் குழந்தைகளும் ஏராளம். பிறகு பனிப்புயல். சில நாள் கழித்து உறைந்து கிடந்த 146 உடல்களை ஒரே குழியில் போட்டு மூடினார்கள். அந்தப் படையினருக்கு நாட்டின் உயரிய வீரப்பதக்கங்கள் வழங்கப்பட்டன.

காயம்பட்டவர்களைப் பைன் ரிட்ஜிலிருந்த எபிஸ்கோப்பல் சபையின் ஹோலி கிராஸ் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். பெஞ்சுகளைப் பிய்த்தெடுத்துவிட்டுத் தரையில் வைக்கோல் பரப்பிப் படுக்க வைத்தார்கள். கிறிஸ்துமஸ் முடிந்து நான்கு நாள்தான் ஆகியிருந்தது. பசுந்தழைத் தோரணங்கள் இன்னும் சுவரில் தொங்கின. அவர்களுக்கு வைத்தியம் பார்த்தவர் சார்லஸ் ஈஸ்ட்மன். டகோட்டா இனத்தில் பிறந்து, கிறிஸ்தவரான தந்தையால் பள்ளிக்கு அனுப்பப்பட்டு, பாஸ்டனில் மருத்துவம் முடித்துச் சில வாரங்களுக்கு முன்புதான் அங்கே வேலைக்கு வந்திருந்தார். 1891 புத்தாண்டு அன்று உயிரோடு யாராவது இருக்கிறார்களா என்று பனியில் தேடிப் போனவர்களுக்கு அவர்தான் தலைமை தாங்கினார். தாயின் உடலுக்கடியில் ஒரு கைக்குழந்தை உயிரோடு கிடைத்தது. கிறிஸ்தவ அன்பின்மேல் நம்பிக்கை வைத்திருந்த தனக்கு அந்தக் காட்சி எவ்வளவு பெரிய சோதனை என்பதை அவர் பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார். அவரோடு நின்று காயங்களுக்குக் கட்டுப்போட்டவர்களில் எலேன் குட்டேல் என்ற வெள்ளைக்கார ஆசிரியையும் ஒருவர். படுகொலைக்குச் சில நாள்முன்தான் இருவருக்கும் நிச்சயமாகியிருந்தது. 1891 ஜூனில் மணந்தார்கள்.

அந்த ஓடைக்கரையிலேயே ஓர் உண்மையான கிறிஸ்தவக் காதல் கதை இருந்திருக்கிறது. நம்பிக்கையும் காதலும் படுகொலையும் அதில் ஒன்றாகவே கிடக்கின்றன. அந்தத் திருமணம் நிலைக்கவில்லை என்பதும் உண்மை. 1921இல் இருவரும் பிரிந்தார்கள். காதல் நாவலின் விதிக்கு அது ஒத்துவராது. ஆனால் தேவாலயத் தரையில் குழந்தைகளைக் கிடத்திய மருத்துவரைவிட, சுட்டவனின் உள்ளம்தான் கதைக்கு உகந்தது என்று ஒரு நாவலாசிரியர் முடிவெடுக்கும்போது, இரக்கம் எந்தப் பக்கம் பாய வேண்டும் என்றும் முடிவெடுத்துவிடுகிறார்.

இது முதல் முறையும் அல்ல. 2014இல் வெளியான கேட் பிரெஸ்லினின் ‘ஃபார் சச் எ டைம்’, வேதாகமத்து எஸ்தரின் கதையை நாஜி முகாமுக்குள் வைத்தது. யூதப் பெண் ஒருத்தி தெரேசியன்ஸ்டாட் முகாமின் தளபதியைக் காதலிக்கிறாள், அவள் மனம் கிறிஸ்தவ நம்பிக்கையின் பக்கம் சாய்கிறது, அவன் மீட்படைகிறான். இதே சங்கத்தின் விருதுக்கு இரண்டு பிரிவுகளில் அது இறுதிப் பட்டியலில் வந்தபோது யூத வாசகர்கள் கொதித்தார்கள். சுமார் 1,40,000 யூதர்கள் கொண்டுவரப்பட்ட இடம் அது. அதில் 33,000 பேர் அங்கேயே மாண்டார்கள். ஏறத்தாழ 88,000 பேர் ஆஷ்விட்ஸ் போன்ற கொலைக்களங்களுக்கு ரயிலேற்றப்பட்டார்கள். அவர்கள் அனைவரின் சார்பிலும் ஒரு கற்பனைப் பெண் முகாம் தளபதிக்கு மன்னிப்பு வழங்குகிறாள். போதாக்குறைக்கு, யூதர்கள் என்பதற்காகவே கொல்லப்பட்ட அவர்களின் நம்பிக்கையையும் கதை அவளிடமிருந்து எடுத்துக்கொள்கிறது. எழுத்தாளரின் நோக்கம் நல்லதாகவே இருந்திருக்கலாம். நோக்கம் நல்லதாக இருப்பது இங்கே போதாது.

சைமன் வீசந்தால் இதே சிக்கலை நேரில் சந்தித்தவர். முகாம் கைதியாக இருந்த அவரைச் சாகக் கிடக்கும் ஒரு நாஜி எஸ்.எஸ். வீரனிடம் அழைத்துப் போகிறார்கள். யூதக் குடும்பங்களை வீட்டோடு எரித்ததை அவன் சொல்லி அழுது, ஒரு யூதனிடமிருந்து மன்னிப்பு வேண்டும் என்கிறான். வீசந்தால் ஒன்றும் பேசாமல் எழுந்து போய்விடுகிறார். ‘சூரியகாந்தி’ என்ற நூலில் அதை எழுதி, நீங்களாக இருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று சிந்தனையாளர்கள் பலரிடம் கேட்டார். எரிக்கப்பட்டவர்களுக்காகத் தான் மன்னிக்க முடியுமா என்ற தயக்கம் அந்த மௌனத்துக்குள் இருக்கிறது. யூத மரபின் மிஷ்னா இதைச் சட்டமாகவே வைத்திருக்கிறது: மனிதனுக்கு மனிதன் செய்த குற்றத்தை, பாதிக்கப்பட்டவனைச் சமாதானப்படுத்தாதவரை, பாவநிவிர்த்தி நாளும் துடைக்காது.

இது யூதர்களின் கருத்து, கிறிஸ்தவத்தில் கடவுளின் கிருபை போதும் என்று சிலர் சொல்வார்கள். சுவிசேஷங்களைத் திறந்து பார்க்கட்டும். மலைப்பிரசங்கத்தில் இயேசு என்ன சொல்கிறார்? காணிக்கையோடு பலிபீடத்துக்கு வந்தபின் சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் அவனிடம் போ என்கிறார். வரிவசூலிப்பவன் சகேயு மனம் திரும்பியதும் சொத்தில் பாதியை ஏழைகளுக்குத் தருகிறேன், ஏய்த்து வாங்கியதை நாலத்தனையாகத் திருப்பித் தருகிறேன் என்று எழுந்து நின்று சொல்கிறான். அதன் பிறகுதான் அந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததாக இயேசு அறிவிக்கிறார். கண்ணீரும் கணக்கும் ஒன்றாகவே வருகின்றன. நாயகன் கண்ணீரோடு நின்றுவிடும் நாவல் சுவிசேஷத்தைப் பாதியில் மூடிவைத்த நாவல்.

இந்த வகைமைக்கு நல்ல முன்னோர் இல்லாமலில்லை. அலெஸ்ஸாண்ட்ரோ மன்சோனி 1827இல் வெளியிட்டு, மொழியைத் திருத்தி 1840–42இல் மறுபடி வெளியிட்ட ‘இ ப்ரொமெஸ்ஸி ஸ்போஸி’யை இத்தாலியப் பிள்ளைகள் பள்ளியில் படிக்கிறார்கள். 1628 முதல் 1630வரையான லொம்பார்டியில் நடக்கும் கிறிஸ்தவ வரலாற்றுக் காதல் நாவல்தான் அது. ரென்சோ, லூச்சியா என்ற இரண்டு பட்டுத் தொழிலாளர்களின் திருமணத்தை டான் ரொட்ரிகோ என்ற பிரபு தடுக்கிறான். பிரிகிறார்கள், அலைகிறார்கள், மிலானைச் சூறையாடிய கொள்ளைநோய்க்கு நடுவே மறுபடி சந்திக்கிறார்கள்.

அந்த நாவலில் துறவி கிறிஸ்தோஃபரோவின் கதை ஒன்று வருகிறது. துறவியாகும் முன் அவன் பணக்கார வணிகனின் மகன். தெருவில் சுவரோரமாக நடப்பது யார், விலகுவது யார் என்ற தகராறில் ஒரு பிரபுவைக் குத்திக் கொன்றுவிடுகிறான். மடத்தில் அடைக்கலம் புகுந்து கப்புச்சின் துறவியாகிறான். அத்தோடு கடவுள் மன்னித்துவிட்டார் என்று அவன் ஊரைவிட்டுப் போயிருக்கலாம், சட்டம் அவனை ஒன்றும் செய்திருக்காது. ஆனால் செத்தவனின் அண்ணன் வீட்டுக்குப் போக அனுமதி கேட்கிறான். உறவுக்கூட்டம் முழுதும் பட்டும் வாளுமாகக் கூடி நிற்கும் கூடத்தில் மண்டியிட்டுப் பேசுகிறான். அவனைச் சிறுமைப்படுத்தக் கூட்டிய கூட்டம் கலங்கிப்போகிறது. அண்ணன் எழுப்பி நிறுத்தி விருந்து கொடுக்கிறான். துறவி அதை மறுத்துவிட்டு, உங்கள் உணவை உண்டேன் என்று சொல்லும்படி ஒரு ரொட்டி மட்டும் கொடுங்கள் என்கிறான். அதில் கொஞ்சம் தின்று, ஒரு துண்டை வாழ்நாளெல்லாம் பெட்டியில் வைத்திருக்கிறான். கொள்ளைநோய் முகாமில் அவன் சாகும் தறுவாயில், காய்ந்துபோன அந்தத் துண்டைத்தான் ரென்சோவுக்கும் லூச்சியாவுக்கும் கொடுக்கிறான்.

கொன்றவனின் மனமாற்றத்தை மன்சோனி ஓரிரு பக்கங்களில் முடிக்கிறார். இழந்தவனின் கூடத்தில் நடப்பதை விரிவாக எழுதுகிறார். ரொட்டி அங்கிருந்து வருகிறது, பலிபீடத்திலிருந்து அல்ல. அதே துறவி பிறகு, ரொட்ரிகோவைக் கொல்வேன் என்று கொதிக்கும் ரென்சோவைக் கடிந்து, நினைவிழந்து கிடக்கும் அந்தப் பகைவனின் படுக்கைக்கே அழைத்துப் போகிறான். மன்னிக்கும் முடிவு ரென்சோவின் கையில் விடப்படுகிறது. வாழ்க்கையைப் பறிகொடுத்தவன் அவன், மன்னிக்க உரியவனும் அவனே.

இன்னொன்றும் மன்சோனி செய்தார். காதலர் திருமணத்தோடு நூலை முடிக்கவில்லை. 1840–42 பதிப்பின் இறுதியில் ‘ஸ்டோரியா தெல்லா கொலொன்னா இன்ஃபாமே’ என்ற வரலாற்று நூலை இணைத்தார். 1630இல் சுவர்களில் விஷம் பூசிக் கொள்ளைநோயைப் பரப்பினார்கள் என்று குற்றஞ்சாட்டப்பட்டு, சித்திரவதையில் பொய் ஒப்புக்கொண்டு கொல்லப்பட்ட பியாட்சா, நாவிதன் மோரா ஆகியோரின் வழக்கு அது. மோராவின் வீட்டை இடித்து அங்கே அவமானத் தூண் ஒன்றை எழுப்பினார்கள். 1778வரை அது நின்றது. அக்காலத்தின் அறியாமை என்று சொல்லி நீதிபதிகளைத் தப்பவிட மன்சோனி மறுக்கிறார். தெரிந்தே அநியாயம் செய்தார்கள் என்று ஆவணம் ஆவணமாகக் காட்டுகிறார். கற்பனைப் பாத்திரங்களுக்கு மன்னிப்பு வழங்கிய அதே கை, உண்மையில் கொல்லப்பட்டவர்களின் சார்பில் யாரையும் மன்னிக்கவில்லை.

இந்த நாவல்களைத் தமிழில் மொழிபெயர்க்கவோ, இதே சாயலில் நம் திருச்சபைகளின் வரலாற்றிலிருந்து எழுதவோ முனைபவர்களுக்கு என் வேண்டுகோள் ஒன்றே. மனந்திரும்பும் நாயகனை எழுதுங்கள், அவன் கண்ணீரையும் எழுதுங்கள். ஆனால் அவனால் பாதிக்கப்பட்டவர் வாழும் தெருவுக்கு அவனை அனுப்பி, அங்கே கதவு சாத்தப்படவும் இடம் கொடுங்கள். அந்தத் தெருவில் ஒருவரும் உயிரோடு இல்லையென்றால், அவர்களுக்காக மன்னிப்பு எழுதும் உரிமை எழுத்தாளருக்கு இல்லை.